வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு பெனால்டி

உலகத்தில் தோற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரே மேட்சை, ஞாயிறும் பண்டிகையும் நீங்கலாக, தினமும் காலையில் தோற்றுவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு வேலைக்குப் போன மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை எல்லோரும் ரீப்ளே என்பார்கள். நிஜப் பெயரைக் கேட்காதீர்கள். டிக்கெட் பரிசோதகரே "என்ன ரீப்ளே, சீசன் டிக்கெட் புதுப்பிச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பேன்ட் பிட், சட்டை பிட் வெட்டிக் கொடுக்கும் வேலை அவருக்கு. கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். எனக்கும் சிதம்பரத்தில்தான் ஆபீஸ், ஃபைல் கட்டும் உத்தியோகம். கடலூர் முதுநகரில் பாசஞ்சர் ஏறினால் ஐம்பது நிமிஷப் பயணம். மாற்றலாகி வந்த முதல் நாள், மூன்றாவது பெட்டியில் ஜன்னலோர சீட் ஒன்று காலியாக இருந்தது. பச்சைத் துணி விரித்திருந்தது. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வியாதி இங்கேயும் வந்துவிட்டதா என்று கோபத்தோடு அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"சார் சார் சார்! சென்டர் சர்க்கிள்ல உக்காந்துட்டீங்க!"

எழுந்தேன். என் பேன்ட்டின் பின்புறத்தில் நாலு பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. "நடு ஃபீல்டு மொத்தமும் சாரோட போவுது, புடிங்கடா!" என்று ஒருவர் கத்தினார். அந்தப் பச்சைத் துணியில் டெய்லர் சாக்குக் கட்டியால் கோடு போட்டு ஒரு முழு கால்பந்து மைதானமே வரைந்திருந்தது. நீலச் சட்டைப் பட்டன் பதினொன்று எங்கள் முதுநகர் டீம். கறுப்புக் கோட்டுப் பட்டன் பதினொன்று சிதம்பரம் டீம். ஒரு சின்ன பிரஸ் பட்டன்தான் பந்து. வண்டி நகர்ந்ததும் ரீப்ளே விசில் அடித்தார். மேட்ச் ஆரம்பித்துவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் நடந்த ஒரு ஃபைனல் அது. முதுநகர் ஒன்று - பூஜ்யத்தில் தோற்றது. அதை ரீப்ளே ஒரு பாஸ் விடாமல், ஒரு த்ரோ விடாமல், ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஆடிக் காட்டுவார். ஆலப்பாக்கத்தில் கோல் கோட்டுக்கு மேலேயே வந்துவிட்ட பந்தை எங்கள் ஆள் ஒருவர் காலை நீட்டித் தடுப்பார். அது நான்தான் என்பார் குமாரவேலு. அந்தக் குமாரவேலு அதே பெட்டியில்தான் வருவார், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஆலப்பாக்கம் வந்ததும் பேன்ட்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பைக் காட்டுவார். பெட்டியில் யாரும் அதைப் பார்க்காமல் ஆலப்பாக்கத்தைத் தாண்ட முடியாது. புதுச்சத்திரத்தில் சிதம்பரம் கோல் போட்டுவிடும்.

அடுத்து பரங்கிப்பேட்டையில் நிசார் பாய் ஏறுவார். பாவம், பதினோரு வருஷமாக அவருக்கு ஃபர்ஸ்ட் ஹாஃப் கிடைத்ததே இல்லை. ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஸ்கோர் இன்னா மச்சான்?" என்பார்.

"ஒண்ணு - பூஜ்யம் பாய். நாமதான் பூஜ்யம்."

"இன்னைக்குமா?" என்று அவர் முகம் வாடுவதைப் பார்த்தால் கல்லும் கரையும்.

பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். பாலத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைக்கும். ஒன்பதாம் நம்பர் பட்டன் அடிக்கும். பந்து போஸ்டுக்கு இரண்டேகால் இஞ்ச் வெளியே போகும். ரீப்ளே டேப்பை வைத்து அளந்தே காட்டுவார். கிள்ளையில் கடைசி விசில். சிதம்பரத்தில் இறங்கும்போது பெட்டியே எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கும்.

ஒரு நாள் வண்டி அந்தப் பாலத்திலேயே சிக்னலுக்காக இருபது நிமிஷம் நின்றுவிட்டது. பந்து பெனால்டி புள்ளியில் நிற்கிறது. "வண்டி நகந்தாத்தான் அடிக்கலாம்" என்று ரீப்ளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது. ஒருவர் நடராஜருக்கு வேண்டிக்கொள்கிறார், இன்னொருவர் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்கிறார். எப்போதோ முடிந்துபோன மேட்ச், ஐயா! எனக்கு ஃபுட்பாலில் பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நானும் வேண்டிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. இரண்டேகால் இஞ்ச் வெளியே.

காலை மேட்ச் நடந்தது நடந்தபடி. சாயங்கால வண்டிதான் வேறு; ஸ்டேஷன்கள் தலைகீழாக வருவதால் மேட்சும் பின்னாலிருந்து முன்னால் நடக்கும். அதில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு ஆல்ட்ரேஷன் உண்டு. அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லலாம். அது மாறினால் என்னவெல்லாம் மாறும் என்று ரீப்ளே கணக்குப் போட்டு, மேட்ச் முழுக்க ஆடித் தீர்ப்பு சொல்வார். நான் வாய் பிளந்தது அங்கேதான்.

"மாமா, அன்னைக்கு மழை பெய்யாம இருந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"மழையிலதான்டா அவுங்க ஏழாம் நம்பர் ரெண்டு தடவ வழுக்கி வுழுந்தான். காஞ்ச தரையில வுழ மாட்டான். மூணு - பூஜ்யம். மழைக்கு ஒரு கும்புடு போடுங்க."

"நம்ம லெஃப்ட் பேக் மத்தியானம் பிரியாணி துன்னாம இருந்தா?"

"வவுறு லேசாயிடும். மேல ஏறி ஓடிடுவான். பின்னாடி யாரு நிப்பா, பிரியாணி அண்டாவா? ரெண்டு - பூஜ்யம்."

பெட்டியில் எல்லோரும் நம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். ரீப்ளே தெரியாததைச் சொல்ல மாட்டார். அந்த ஃபைனலில் அவர் பன்னிரண்டாவது ஆள், மாற்று வீரர். தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். "ஆடுனவனுக்குப் பந்துதான் சார் தெரியும். உக்காந்தவனுக்குத்தான் மேட்ச் தெரியும்" என்பார். ஒரு நாள் நான் என் ஆல்ட்ரேஷனாக, "உங்களை இறக்கியிருந்தால்?" என்று கேட்டேன்.

"அது மட்டும் எனக்குத் தெரியாது சார். எங்க டீம்ல நான் ஒரு நிமிஷம்கூட எறங்குனதே கெடையாது. தெரியாதத எப்படி சார் சொல்றது?" என்றார். மேட்சை மூட்டை கட்டிவிட்டார். அன்றைக்கு மட்டும் தீர்ப்பே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாயங்காலம் வண்டி கிளம்புமுன் "ஸ்டீபன்?" என்று ஒரு தடவை கூப்பிடுவார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "வரல. அடுத்த ஆளு" என்பார். காலமாகிவிட்ட நண்பர் போலிருக்கிறது என்று மூன்று மாதம் நான் தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினேன். குமாரவேலு ஒரு நாள் பதறிப்போய், "ஐயையோ சார், அவன் உசுரோடதான் இருக்கான். கடைசிப் பெட்டியில வரான்" என்றார்.

பெனால்டியை வெளியே அடித்த ஒன்பதாம் நம்பர்தான் ஸ்டீபன். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். ஃபைனலுக்கு அடுத்த நாளிலிருந்து பந்தைத் தொடவில்லை. தெருவில் எவனோ எதற்கோ சிரித்தால்கூட, தன்னைப் பார்த்துத்தான் என்று சந்து மாறிப் போய்விடுவாராம். எங்கள் பெட்டியில் பலருக்கு வாய் துறுதுறுக்கும், "பெனால்டிய வேற ஆளு அடிச்சிருந்தா?" என்று கேட்க. ரீப்ளே விட மாட்டார். "அந்த ஆல்ட்ரேஷன் அவனோடது. அவன் வந்து கேக்கட்டும்."

ஒரு மார்கழியில் அவர் வந்தார். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள். கடைசிப் பெட்டியில் எள் போட்டால் விழாத கூட்டம். கூட்டமே அவரை நெட்டித் தள்ளி எங்கள் பெட்டியில் கொண்டு வந்து விட்டது. நெட்டையான ஆள், கதவைப் பார்த்தபடி திரும்பி நின்றார். குமாரவேலு என் விலாவில் இடித்து, "ஸ்டீபன்" என்றார். மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது, பாலமோ வந்துகொண்டிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் நிசார் பாய் ஏறி வாயைத் திறந்தார். நாலு கை அந்த வாயைப் பொத்தியது.

பாலத்தில் சக்கரம் தடதடத்ததும் ரீப்ளே பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "மழை. மேட்ச் கேன்சல்" என்றார். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

கதவோரம் இருந்தவர் திரும்பாமலே பேசினார். "எனக்கு ஒரு ஆல்ட்ரேஷன் பாக்கி இருக்காமே மாமா? சாயங்காலம் வரேன்."

சாயங்காலம் "ஸ்டீபன்?" என்றதும், "இருக்கேன் மாமா" என்று பதில் வந்தது.

"இன்னாடா மாத்தணும்?"

"என்னையே எடுத்துடுங்க. அன்னைக்கு எனக்கு ஜுரம். கிரவுண்டுக்கே வரல. நான் இல்லன்னா நாம ஜெயிச்சிருப்போம். அத ஒரு தடவ பாத்துட்டு எறங்கிடறேன்."

எனக்கே ஏண்டா இதையெல்லாம் கேட்கிறோம் என்று ஆகிவிட்டது. ரீப்ளே ஒன்பதாம் நம்பர் பட்டனை எடுத்துத் தனியே வைத்தார். தன் சட்டையின் மேல் பட்டனைப் பிய்த்து அந்த இடத்தில் வைத்தார்.

"நீ வரலன்னா உன் எடத்துல யாரு? பெஞ்சில இருந்தவன். நான்தான்."

ஆட ஆரம்பித்தார். அடடா, அந்த ஆட்டத்தை என்னவென்று சொல்வது! கிள்ளை வருமுன் அவர் காலுக்கு நடுவே பந்து போய் சிதம்பரத்துக்கு ஒரு கோல். பாலத்தில் பெனால்டி இல்லை. "இவன ஃபவுல் பண்ணதாலதான பெனால்டி கெடைச்சுது? என்னைய எவன்டா ஃபவுல் பண்ணுவான்? நானே வுழுந்து கெடக்குறேன்." பரங்கிப்பேட்டையில் சொந்த கோலுக்கே அடித்தார். நிசார் பாய் இறங்க மறந்துவிட்டார். புதுச்சத்திரத்தில் நாலு - பூஜ்யம். ஆலப்பாக்கத்தில் பந்து கோல் கோட்டுக்கு வந்தது.

"இங்க ஸ்டீபன் எறங்கி வந்து காலை நீட்டித் தடுத்தான். இன்னைக்கு அவன் இல்ல. அஞ்சு."

ஸ்டீபன் நிமிர்ந்தார். "மாமா, அது குமாரு இல்ல?"

எல்லோரும் குமாரவேலுவைப் பார்த்தோம். அவர் பேன்ட்டை ஏற்கெனவே பாதி சுருட்டியிருந்தார். மெல்ல அதைக் கீழே இறக்கிவிட்டார்.

"நீதான்டா அது. நான் சும்மா பீத்திக்கினு இருந்தேன். இந்தத் தழும்பு சைக்கிள்ல வுழுந்தது."

"எனக்கு அந்தப் பெனால்டி தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல மாமா" என்றார் ஸ்டீபன்.

"எனக்கு இருக்குது" என்றார் ரீப்ளே. "ஆறு."

"போதும் மாமா!" ஸ்டீபனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "நானே எறங்குறேன். ஜுரம் போயிடுச்சு."

ரீப்ளே ஒன்பதாம் நம்பரை அதன் இடத்தில் வைத்தார். "அப்போ ஒண்ணு - பூஜ்யம். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

முதுநகரில் எல்லோரும் இறங்கினோம். நிசார் பாய் திரும்பிப் போக வண்டி தேடினார். ரீப்ளே பட்டன் இல்லாத சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். தான் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றவர் அவர். மைதானத்தில் இறங்க அவருக்கு வாழ்க்கையில் கிடைத்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதில் ஆறு கோல் வாங்கினார்.

இப்போது ஸ்டீபன் மூன்றாவது பெட்டியில்தான் வருகிறார். பாலம் வந்தால் அவரே பிரஸ் பட்டனைச் சுண்டி, இரண்டேகால் இஞ்ச் வெளியே அடிக்கிறார். ஆலப்பாக்கத்தில் குமாரவேலு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறார். நான் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டேன். சிதம்பரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. "ரிட்டையர் ஆனப்புறமும் காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்களுக்கு மேட்ச் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.