சாம்பிராணிப் படையெழுச்சியும் சவுந்தரநாயகம் படியிறங்கிய சருக்கமும்

கடல்முரசு ஒருபுறம் அதிர, காலி வீதிப் பேருந்துகளின் கொம்போசை மறுபுறம் முழங்க, நடுவே நிமிர்ந்து நிற்கும் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பிலே, வேலை செய்யாத லிஃப்ட்டை நாள்தோறும் முழங்காலால் வென்று மூன்றாம் மாடி ஏறிய பெருந்தகை, ஈரத்தரை கண்டு எச்சரித்தோன், தலைக்கவசம் மறந்தோரைத் தடுத்தாட்கொண்டோன், ஏணியின் சாய்வறிந்த ஏந்தல், சவுந்தரநாயகம் வாழ்க! அவர்தம் இணைய இணைப்பு இடையறாது வாழ்க! வேலைத்தலச் சுகாதாரமும் பாதுகாப்பும் என்னும் அருங்கலையை, இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே, டோஹாவில் கட்டட வேலை செய்யும் நம்மவர்க்குக் கணினி வழியே போதித்த ஆசான் அவர். இடைக்கு மேலே வெள்ளைச் சேட்டும் டையும், இடைக்குக் கீழே சாரமும் உடுத்தியிருப்பார். கமரா இடைக்கு மேலேதான் பார்க்கும்.

நாடு போரில் வெந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. ஆசானின் தகுதிகாண் காலம் முடியும் வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்றைய வகுப்பைச் சோதிக்கவென்று, கம்பனியின் மேற்பார்வையாளர் கொன்ஸ்ரன்ஸ் அம்மையார், கொட்டாஞ்சேனையில் பிறந்து பாலைநிலம் புகுந்த அந்தக் கூர்விழிச் செல்வி, டோஹா விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் மாணவரோடு தாமும் வந்து அமர்ந்திருந்தார். வென்றால் நிரந்தர உத்தியோகம். தோற்றாலோ, மைத்துனர் கனகசபாபதியின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டும். "அத்தான் எப்ப வாறியள்?" என்று ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கும் அந்தக் குரலை நினைத்தாலே அவர் பாடக்குறிப்பை இன்னொரு முறை புரட்டுவார்.

இனி எதிர்ப்படையின் பெருமை கேண்மின். அதன் தலைவி வேறு யாருமல்லர், அவருடைய மனைவி அன்னபாக்கியம். கீழ்வீட்டு ஹியூபேட் ஒருநாள் அடையாள அட்டையை மேசையில் விட்டுவிட்டுப் பாண் வாங்கப் போய், பொலிசில் அகப்பட்டு, மறுநாள்தான் வீடு திரும்பினார். அன்று தொட்டு அந்த அம்மையார் வெள்ளிதோறும் விளக்கு வைக்கும் வேளையில், தம் கணவருக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று, வீட்டு மூலைமுடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டினார். கணவரின் கதிரைக்கு மட்டும் இரண்டு சுற்று அதிகம்.

அந்த வீட்டின் முகட்டிலோ கம்பனி அனுப்பிய புகைமணி தொங்கியது. புகை மணந்த மாத்திரத்தில் ஊரைக் கூட்டும் அந்த வட்டமுகப் பூதத்தின் வாயை, மற்ற வெள்ளிகளில் சோறு பொதியும் லஞ்ச் சீற்றால் கட்டி வைப்பது ஆசானின் வழக்கம். புகைமணியை மூடுவது பெருங்குற்றம் என்று முதல் பாடத்திலேயே முழங்கியவரும் அவர்தான். அன்று கொன்ஸ்ரன்ஸ் அம்மையார் கமராவை முகட்டுக்குத் திருப்பச் சொன்னாலும் சொல்வார் என்ற பயத்தில் லஞ்ச் சீற்றைக் கழற்றிவிட்டார். புகை சமையலறைக் கதவைத் தாண்டாது என்று கணவனும் மனைவியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்தக் காலத்து உடன்படிக்கைகள் எத்தனை நாள் நின்றன என்பது நாட்டுக்கே தெரியும்.

வகுப்பு தொடங்கிற்று. தீ மூண்டால் வெளியேறும் முறையை ஆசான் விரித்துரைத்தார். அப்போது பதுளைத் தோட்டத்திலிருந்து டோஹா போன தங்கையா கையை உயர்த்தி, "சேர், ஓடுறப்ப ஐடி கார்டை எடுத்துக்கிட்டு ஓடலாமா?" என்று கேட்டான். கொன்ஸ்ரன்ஸ் அம்மையாரின் பேனா எழுந்தது. ஆசான் சிங்கம்போல் நிமிர்ந்தார்.

"உயிரொன்றே உடைமை எனக் கொள்வீர்! மணி ஒலித்தால் காரணம் வினவாதீர்! அட்டையாயினும் பணமாயினும் தேடாதீர், எடாதீர், இறங்குவீர்! அனுமதி கிடைக்கும்வரை மீளாதீர்!"

பேனா மகிழ்ந்து எழுதியது. அதே கணத்தில் சமையலறைக் கதவின் அடியால் வெண்புகையின் முன்னணிப்படை, ஒற்றர்போல் ஊர்ந்து, பாயைக் கடந்து, மேசைக்காலைச் சுற்றி வளைத்தது. ஆசான் முகத்தில் புன்னகை மாறாமல் மேசைக்கடியில் போர் தொடுத்தார். வலக்காலால் துவாயைத் தள்ளிக் கதவிடுக்கை அடைத்தார். புகை பக்கவாட்டால் வந்தது. தீயணைகருவி வகைகளைக் காட்டுபவர்போலக் கலண்டரைக் கழற்றி விசிறினார். புகை தும்மக்கூட இல்லை. இறுதியில், எட்டாத மணியின் வாயைப் பொத்தக் கதிரையில் ஏறலாமென்றால், கதிரையில் ஏறுவோன் மூடன் என்று போன கிழமைதான் படம் போட்டுக் காட்டியிருந்தார். வேறு வழியின்றிக் கைநீட்டி முகட்டு விசிறியைச் சுழல விட்டார். தரையோடு தவழ்ந்த புகை முழுவதையும் விசிறி அள்ளிச் சுழற்றிச் சுவரோடு சுவராக ஏற்றி நேரே மணியின் வாய்க்குள் ஊட்டிற்று.

மணி அலறியது. டோஹா திடுக்கிட்டது. ஆசானுக்குத் தப்ப வழியில்லை. தாம் முழங்கியது தம் காதிலேயே இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடியையும் மேசையில் விட்டு, எழுந்தார். எழுந்தபோதுதான் சாரம் டோஹாவுக்குத் தெரிந்தது. ஆயினும் சிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை, படியிறங்கியது.

மாடிக் குடிகள் அனைவரும் அவருக்கு முன்னே கீழே நின்றார்கள். அந்த நாளில் கொழும்பில் ஏதாவது அலறினால் அது என்னவென்று யாரும் மேலே நின்று யோசிப்பதில்லை. ஒவ்வொருவர் விரலிடையிலும் அடையாள அட்டை பளபளத்தது. ஹியூபேட், கொழும்பில் தங்கப் பொலிஸ் தந்த பதிவுத்துண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவ்வழியே ரோந்து வந்த ஜீப் ஒன்று நின்றது. சார்ஜன்ட் இறங்கினார், ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார், வெள்ளைச் சேட்டும் டையும் சாரமுமாக நின்றவர் முன்னே நின்று, சிங்களத்தில் அட்டையைக் கேட்டார்.

ஆசானின் கை நெஞ்சுக்குப் போயிற்று. லண்டன் மச்சாள் அனுப்பிய சேட் அது, அதற்குப் பொக்கற் இல்லை. மேலே போய் எடுக்கலாமென்றாலோ புகைமணி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. காவியத்துக்கு இடமில்லாமல், உண்மையாகவே அவர் பயந்தார். ஹியூபேட் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது, அடியடியாய், அவசரமின்றி, ஒரு கையில் புகையும் சாம்பிராணிச் சட்டியுடன் அன்னபாக்கியம் படியிறங்கி வந்தார். மறு கையால் இடுப்பில் செருகியிருந்த சின்ன பேர்சைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றைச் சார்ஜன்டிடம் நீட்டிவிட்டுக் கணவரிடம் மெல்லச் சொன்னார்:

"நெருப்பெண்டாலும் இதை விட்டிட்டு இறங்குவினமோ, இஞ்சாருங்கோ?"

சார்ஜன்ட் அட்டையைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், சட்டியை மோந்தார், பலமாகத் தும்மினார். "ஹரி, யன்ன" என்று, போகலாமெனச் சிங்களத்தில் சொல்லி, ஜீப்பில் ஏறினார். ஹியூபேட் இப்போதுதான் மூச்சு விட்டார்.

மணி ஓய்ந்தபின் ஆசான் மீண்டும் அரியணை ஏறினார். கொன்ஸ்ரன்ஸ் அம்மையார் தாம் பார்த்த வெளியேற்றங்களுள் இதுவே தலையாயது என்றும், கண்ணாடியைக்கூட எடுக்காத ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்றும் புகழ்ந்தார். பிறகு பேனாவை எடுத்து, சோதனையின் கடைசிக் கேள்வியாக, தங்கையாவுக்குச் சொன்ன பதிலில் மாற்றம் ஏதும் உண்டோ என்று கேட்டார். இல்லை என்றால் உத்தியோகம் கைக்குள். உண்டு என்றால் ஆணி. ஆசான் கதவுப்பக்கம் பார்த்தார். சட்டியோடு மனைவி நின்றார்.

"எடுக்கக் கூடாது, தம்பி தங்கையா," என்றார் சவுந்தரநாயகம், முழக்கமில்லாத குரலில். "எடுக்கத் தேவையில்லாத மாதிரி எப்பவும் பொக்கற்றிலையே வைச்சிரும். நித்திரையிலும் வைச்சிரும்."

டோஹாவில் மண்டபம் முழுதும் கைகள் பொக்கற்றைத் தடவின. கொட்டாஞ்சேனையில் பிறந்த அந்த அம்மையாரின் கையும், அவர் அறியாமலே, மடியிலிருந்த கைப்பையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவர் பேனாவை மூடி, திங்கட்கிழமை முதல் நிரந்தரம் என்றார். திசையெட்டும் துந்துபி முழங்க, விசிறி மலர்மாரியெனக் கலண்டர்த் தாள்களைப் பொழிய, புகைவென்ற புரவலனாய் நம் தலைவர் எழுந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பொக்கற் வைத்த சேட் இரண்டு வாங்கினார்.