மார்லிஸ் எழுந்திருக்காத விருந்து

மினசோட்டா,
பிப்ரவரி, ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய அக்கா கோரல் அவர்களுக்கு,

உங்கள் தம்பியும் மாநில லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளனுமாகிய வெண்டல் ஹாக்ஸ்டாட் எழுதுவது. கூடப் பிறந்தவளிடம் பெயர் சொல்ல வேண்டுமா என்று சிரிப்பீர்கள். கடிதம் என்றால் எழுதுபவனின் பெயரும் நோக்கமும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. நோக்கம் இதுதான்: நேற்று எனக்கும் மார்லிஸுக்குமான இருபத்தைந்தாம் திருமண நாள் விருந்து முடிந்ததும் நீங்கள் தொலைபேசியில், "ஒரே வார்த்தையில சொல்லுடா, மார்லிஸ் உட்கார்ந்தாளா இல்லையா?" என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வது உண்மைக்கு அநீதி என்பதால் எழுதுகிறேன். அரிசோனா வெயிலில் நீங்களும் அத்தானும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே பனி ஜன்னலின் பாதிவரை நிற்கிறது, குறை சொல்வதற்கில்லை.

நீங்களே அறிவீர்கள், நம் வீட்டு விருந்து எதிலும் மார்லிஸ் முழுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததே கிடையாது. ஜெபத்துக்கு உட்காருவாள், ஆமென் சொல்லி நாம் கண் திறக்கும்போது நாற்காலி காலியாக இருக்கும். வீடு கொள்ளாத கூட்டம் வந்தாலும் பதற்றமின்றி, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சூடாகக் கொண்டுவந்து வைப்பாள். அவளுடைய தட்டு மட்டும் எப்போதும் ஆறிப்போயிருக்கும். ஆகவே இந்த ஒரு நாளாவது அவள் தொடக்கம் முதல் முடிவுவரை உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும் என்று தீர்மானித்தேன். சமையல் முழுவதும் என் பொறுப்பு. நாற்காலியை விட்டு எழுவதில்லை, சமையலறை பற்றிக் கருத்துச் சொல்வதில்லை என்று அவளிடம் வாக்கும் வாங்கிக்கொண்டேன். அழைப்பிதழில் "எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடிட்டேன். பரிசாகப் பச்சை நிறக் கவுன் ஒன்றும் வாங்கினேன். அளவு யாரையும் கேட்கவில்லை. கல்யாணத்தின்போது தெரிந்துகொண்ட அளவு நன்றாக நினைவிருந்தது. அவள் உடுத்திக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடியே, "ரொம்ப அழகா இருக்கு, வெண்டல்," என்றாள். அந்த உருக்கம் என்னை நெகிழச் செய்தது.

மூன்றே விருந்தினர்: பக்கத்து ஊர் லோவெல், அவர் மனைவி ஆர்டிஸ், மார்லிஸின் அண்ணன் ஆரின். கை வீசிக்கொண்டு வந்தார்கள். என் அடிக்கோடு வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். அவர்களை உட்காரவைத்துவிட்டு, இறைச்சியின் மேற்புறம் சிவக்கட்டும் என்று அடுப்பின் வெப்பத்தைக் கூட்டி வந்து ஜெபம் சொன்னேன், ஜெபத்தில் நம் பெற்றோர், மாநில ஊழியர் அனைவரையும் நினைத்தேன், சற்று நீண்டுவிட்டது, ஆமென் என்றபோது ஏதோ பிளப்பதுபோல ஓர் ஓசை, லோவெல் கனத்த மனிதர், நாற்காலியாக இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன், அப்போதுதான் புகை வந்தது, ஓடிப் பார்த்தால் நான் அழுத்தியது வெப்பத்தைக் கூட்டும் பொத்தான் அல்ல, அடுப்பு தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் பொத்தான். அதை அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். ஆறும்வரை திறக்காது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தொழில் முறையில் சொல்கிறேன் அக்கா, இவ்வளவு நேர்மையான கதவுப் பூட்டை நான் லிஃப்டில்கூடப் பார்த்ததில்லை. உள்ளே விளக்கு வேறு எரிந்தது. இறைச்சி கரியாவது கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிந்தது.

ஆரின் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, அடக்க ஆராதனைக்கு எத்தனை மணி?" என்றார்.

லோவெல், "நல்லா வெந்திருக்குப்பா," என்றார். அவர் மரியாதை தெரிந்தவர்.

நான் ஜன்னல்களைத் திறந்தேன். வெளியே உறைநிலைக்கும் கீழான குளிர். ஆர்டிஸ் சட்டென்று தன் சால்வையைக் கழற்றி மார்லிஸின் முதுகில் போர்த்தினார். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். எல்லோரும் மேசையில் வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டு பனியைப் பற்றிப் பேசினோம். மார்லிஸ் எழுந்திருப்பாள், முட்டையாவது பொரிப்பாள், என் திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் அசையவே இல்லை.

அப்போது ஆர்டிஸ் மெதுவாக, "சும்மா சொல்றேன்... கார்ல ஒரு ஹாட்டிஷ் கிடக்கு. பெருசா ஒண்ணுமில்ல, உருளைக்கிழங்கும் கறியும்தான்," என்றார்.

"ஐயோ, வேண்டாங்க," என்றேன்.

"சும்மா கிடக்குது, கொண்டாரட்டுமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன்.

இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை ஒப்புக்கொள்வதுதானே நம் ஊர் முறை? முறைப்படி மறுத்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்து லோவெல் தன் பனிவாரும் இயந்திரத்தின் பழுதைப் பற்றித் தொடங்கிவிட்டார். ஆர்டிஸ் அதில் கலந்துகொண்டார். மூன்றாவது கேள்வி வரவில்லை. நானாகக் கேட்கவும் முடியாது. பேச்சு இயந்திரத்தின் சங்கிலிவரை வந்துவிட்டது.

மார்லிஸ் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்: "ஆர்டிஸ், அவர்கிட்ட இன்னொரு வாட்டி கேட்டுடுங்க. ஆரின் அண்ணே, நீயும் என்னமோ வச்சிருக்கேல்ல? ரெண்டு காரும் முதுக வாசலுக்குக் காட்டித்தானே நிக்குது!"

பார்த்தேன். உண்மைதான். இறக்க வசதியாகப் பின்பக்கம் வைத்தே நிறுத்தியிருந்தார்கள்! ஆர்டிஸ் மூன்றாம் முறை கேட்டார். கேள்வி முடிவதற்குள், "சரிங்க," என்றேன். ஹாட்டிஷ் கம்பளியில் சுற்றி இன்னும் சூடாகவே இருந்தது. ஆரின் ஒரு பெரிய சட்டி காட்டரிசி சூப்பும் ரொட்டியும் இறக்கினார்.

"எதுவும் வேண்டாம்னு கோடு போட்டுல்ல எழுதியிருந்தேன்?" என்றேன்.

"அதான் வீட்டுக்குள்ள கொண்டுவரலையே மாப்ளே," என்றார் ஆரின்.

முதல் தட்டு மார்லிஸுக்கு வைத்தேன். ஆவி பறக்கச் சாப்பிட்டாள், அக்கா. உப்புகூட எடுக்க எழவில்லை. விடைபெறும்போது வழக்கமாக வாசலில் ஒரு பேச்சு, காரருகே ஒரு பேச்சு என்று நீளுமே, அதையும் எல்லோரும் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றே முடித்தார்கள். சமையலறை என் கையை விட்டுப் போனாலும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விருந்தைக் காப்பாற்றியவளை நினைத்து வியக்கிறேன். கொடுத்த வாக்கை அவள் காத்ததே இதற்கெல்லாம் காரணம். முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வதே பதற்றமில்லா விருந்துக்கு வழி என்பது இத்துடன் நிரூபணமாகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு மேசை என்றும் நிறைந்திருக்கட்டும். அடுப்புக் கதவு என்றும் திறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
வெண்டல்

பி.கு.: மார்லிஸ் இதைப் படித்துவிட்டு, "வாக்கா? எந்த வாக்கு? புகை வந்ததுமே எந்திரிக்கத்தான் பார்த்தேன். நீ ஆமென் சொன்னப்பவே கவுன் ஜிப்பு கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் விட்டுப் போச்சு. ஆர்டிஸ் சால்வை போடலைன்னா மானம் போயிருக்கும்," என்கிறாள். சற்று நேரம் கழித்து, "ஆனா சூடா சாப்பிட்டது அவ்வளவு மோசமில்ல," என்றும் சொன்னாள். நம் ஊரில் இதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனவே, ஈஸ்டர் விருந்தையும் நானே நடத்துவதென்று தீர்மானித்து, அதே கடையில், அதே அளவில், நீல நிறத்தில் இன்னொரு கவுன் வாங்க இப்போது புறப்படுகிறேன்.