டம்ளர் அண்ணன் படித்த முதுகுகள்

மத்திகிரியில் எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்த அத்தனை ஆண்களின் முதுகும் ஒரே ஒருவருக்கு மனப்பாடம். அவர்தான் டம்ளர் அண்ணன். அவருடைய சொந்தப் பெயரை வீட்டுக்காரரே மறந்துவிட்டார்.

கம்பெனியில் எங்களோடு லேத் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்தால் ஆறு கண்ணாடி டம்ளரும் பஞ்சுமாக உட்கார்ந்துவிடுவார். எரியும் பஞ்சை டம்ளருக்குள் ஒரு சுற்று காட்டி முதுகில் கவிழ்த்தால், தோல் பணியாரம் மாதிரி உப்பும். எடுத்ததும் வட்டமாக ஒரு தடம். அதன் நிறத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். மிஸ்டு கால் கொடுத்து முறை வாங்க வேண்டும், அவ்வளவு கூட்டம்.

“கருப்பு. கெட்ட ரத்தம் கண்ணு. சூப்பர்வைசர் மேல இருக்கற கோவம்.”

“எனக்குண்ணா?” என்பான் பக்கத்து ரூம் முருகன்.

“ரோஸ் கலரு! ஐப்பசிக்குள்ள உனக்குப் பொண்ணு அமையுது.”

நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், டிரெய்னி. பர்மனென்ட் ஆக மெடிக்கல் தேற வேண்டும். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் தங்கச்சி படிப்பதே என் சம்பளத்தில்தான். மெடிக்கலுக்கு முந்தின நாள் அண்ணன் என்னைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டார்.

“உள்ள இருக்கறதெல்லாம் இழுத்துடறேன். டாக்டரு அசந்துருவாரு பாரு!”

அசந்துதான் போனார். சட்டையைக் கழற்றியதும், “யாருய்யா அடிச்சது? இல்ல, தோல் வியாதியா?” என்று பேனாவை மூடிவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். “டம்ளர் சார்,” என்றேன்.

சேதி கேட்டு அண்ணன் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினார். அங்கேயும் நாலு வட்டம்.

“நான் வச்சதுங்க சார். தோலை இழுக்கறப்போ உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழா உடையுது. வெறும் ரத்தக்கட்டுங்க. கொஞ்ச நாள்ல போயிரும்.”

வரிசையிலிருந்து முருகன் அலறினான். “ஐயோ, அப்ப எனக்குப் பொண்ணு?”

அண்ணன் அந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். எல்லாம் அவர் பலன் சொன்ன முதுகுகள். “ரொம்ப நேரம் விட்டா கருப்பு, சீக்கிரம் எடுத்தா ரோஸு. பலனெல்லாம் சும்மா சொன்னதுப்பா.”

டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் பர்மனென்ட். அண்ணனிடம் அதற்கப்புறம் ஒருத்தனும் போகவில்லை. டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன. பாவி மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சட்டையைக் கழற்றிப் படுத்தேன்.

“அதான் சும்மான்னு சொல்லிட்டேனே கண்ணு?”

“சும்மாவே சொல்லுங்கண்ணா.”

ஆறு டம்ளரும் வைத்து எடுத்தார். தடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். “ரோஸ் கலரு,” என்றார்.

அந்த வாரக் கடைசியில் தடங்கள் மறைந்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.