காலமானவருக்கு வெந்நீர்

பருவங்கள் ஆறு என்று எழுதி வைத்த முன்னோர்கள் அந்த மாணவர் விடுதியைப் பார்த்ததில்லை. அங்கே பருவம் இரண்டே. இரண்டையும் குழு கூடித்தான் தீர்மானிக்கும். சூரியனுக்கு அதில் ஓட்டு கிடையாது.

விடுதி முழுவதற்கும் ஒரே குழாய். குழு 'குளிர்காலம்' என்றால் அதில் வெந்நீர் ஓடி அறைகள் சூடாகும். 'கோடை' என்றால் ஐஸ் தண்ணீர் ஓடும். அறையில் அதை நிறுத்தும் திருகு மட்டும் 'மாணவர் நலன் கருதி' கழற்றப்பட்டிருந்தது.

அந்த வருடம் கோடை அறிவித்த கையோடு வாடையும் மழையும் திரும்பி வந்தன. சட்டம் படித்த 'வக்கீலு'க்குத் தன் குளிர் பெரிதாகப் படவில்லை. அறைத்தோழனுக்கு இழுப்பு. மூச்சோடு ஊதல் சத்தமும் வரும் என்பதால் எல்லோருக்கும் அவன் 'சங்கு'. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடியே தூங்கினான். உதடு நீலம் பாரித்திருந்தது.

வக்கீல் காப்பாளரிடம் ஓடினான். அவர் அறையில் தனி ஹீட்டர். வியர்வைக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், குழாயை மாத்துங்க. சங்கு மூச்சு விட முடியாம கெடக்கான்."

"இப்ப கோடை தம்பி."

"வெளிய பாருங்க சார்!"

"வெளிய இருக்கறது வெறும் வானிலை. கோடைங்கறது தீர்மானம்."

"அப்ப குழுவைக் கூட்டுங்க."

"நடுவுல கூட்டணும்னா யாராவது காலமாகணும்பா. இரங்கல் கூட்டத்துக்கு மட்டும் விதி இருக்கு."

மத்தியானம் வக்கீல் மறுபடி போய் நின்றான். "சார், சங்கு காலமாயிட்டான்."

"அடடா, தங்கமான பையன்! சாயந்திரமே வச்சுக்கலாமா?"

கூட்டம் நடந்த விருந்தினர் கூடத்திலும் தனி ஹீட்டர்; இதமான சூடு. அதற்காகவே சங்கு போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். காப்பாளர் கண்ணைத் துடைத்தார்.

"அன்னாரின் மூச்சுத் திணறலை இக்குழு என்றும் மறவாது. அன்னாரின் நினைவாகக் குளிர்காலத்தை உடனே கொண்டுவரத் தீர்மானிப்போம். முதலில் மௌன அஞ்சலி."

எல்லோரும் எழுந்தார்கள்.

"இருமித் தொலைக்காதேடா மாப்ளே," என்று வக்கீல் கிசுகிசுத்தான். "கொஞ்ச நேரம் ஒழுங்கா செத்திரு."

"முடியலடா..."

சங்கு ஊதிவிட்டது.

"யாரது?" என்றார் காப்பாளர்.

"நான்தான் சார். காலமானவன்."

கூடம் அதிர்ந்தது. குழுவின் பொருளாளர் நிஜமாகவே துக்கப்பட்டார். "உயிரோட இருக்கானே! அப்ப கூட்டம் செல்லாதே!"

"ஆள் இருக்கறது நல்ல சேதிதானே சார்?" என்றான் வக்கீல்.

காப்பாளர் சங்கின் தோளைப் பரிவோடு தட்டினார். "எங்களுக்கு அக்கறை இல்லன்னு நினைக்காதே தம்பி. விதியில இடம் இருக்கு. நீதான் ஒத்துழைக்க மாட்டேங்கறே."

வக்கீல் அவனைக் கைத்தாங்கலாகக் கோடைக்கே திரும்ப அழைத்துப் போனான்.

மாணவர்கள் மேல் உயிரையே வைத்திருந்த குழு அது. மாணவர்களுக்கு உயிர் இருந்ததுதான் அதற்கு இடைஞ்சல்.