இரண்டு நிமிடம் ஐந்து நொடி

ஒத்திகை சூரர்கள் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளிக்கூடம், அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே நாலு பேரும் ஒரு மாடிப்படியும் இருக்கிறதோ அங்கே முளைத்துவிடுவார்கள். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் பூமியே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் ஆடும் என்ற தெம்பு.

எங்கள் பள்ளிக்கு வாய்த்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், நிலம் நடுங்கினால் என்ன செய்வது என்று ஒரே ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பினார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

மாதம் ஒரு ஒத்திகை. முந்தின நாளே சுற்றறிக்கை வந்துவிடும்: ‘நாளை காலை பதினொன்றரை மணிக்கு எதிர்பாராத நிலநடுக்கம் ஏற்படும்.’ விசில் ஊதியதும் பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து, பிறகு பையைத் தலையில் கவிழ்த்து, திரும்பிப் பார்க்காமல், வரிசை கலையாமல் படியிறங்கி, மைதானத்தில் வகுப்புவாரியாக நிற்க வேண்டும். தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஆறரை நிமிடம் ஆயிற்று. சார் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. பக்கத்துப் பள்ளி நாலே நிமிடத்தில் இறங்குகிறதாமே!

யாரால் தாமதம் என்று துருவினார். இரண்டு பேர் அகப்பட்டோம். மூன்றாம் மாடியில், எட்டாம் வகுப்பில், ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு பெண். அவளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நான். என் முழங்கால்கள் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. நான்தான் இன்னும் பெறவில்லை.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்களும் இந்தப் பாப்பாவும் பதினொண்ணு இருபதுக்கே மெதுவா இறங்கி மரத்தடில உக்காந்துருங்க.”

“நிஜமா வந்தா என்ன சார் பண்றது?” என்றாள் அவள்.

“வரும்போது பாத்துக்கலாம்மா.”

நானும் மறுக்காமல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். நிழல் சுகமாக இருந்தது, அதுதான் உண்மை. நேரம் மளமளவென்று குறைந்தது. மாதாமாதம் எவன் எழுதுவது என்று, தலை எண்ணும் தாளில் ‘மரத்தடி: இருவர்’ என்று அச்சடித்து, அதற்கு நேரே டிக்கும் போட்டே வைத்துவிட்டார்.

நிலநடுக்கத்துக்குச் சுற்றறிக்கை படிக்கும் பழக்கமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் பின்னங்களைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது கரும்பலகை ஆடியது, ஜன்னல்கள் கடகடத்தன, சுவரில் ஒரு விரிசல் என் கண்ணெதிரே நீண்டது. ஆட்டம் நின்றதும் வகுப்புத் தலைவி முன்னே போக, பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்து வரிசையாக இறங்கிப் போனார்கள். பொய் சொல்லக்கூடாது, அற்புதமாகப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் மிஞ்சியது நாங்கள் இருவர்.

“டீச்சர், இன்னைக்கு நம்மள யாரும் முன்னாடியே கீழ அனுப்பலையே.”

அவள் ஊன்றுகோல்களை என்னிடம் நீட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்தாள். நான் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி பின்னால் இறங்கினேன். இரண்டாம் மாடியில் மறுபடி ஒரு குலுக்கல்.

“பயமா இருக்கா டீச்சர்?”

“இல்லடி.”

“எனக்கு இருக்கு.”

“எனக்கும்தான். நகரு, நகரு!”

நாங்கள் மைதானத்தை எட்டியபோது விசில் சார் தலைமையாசிரியையிடம் தாளை நீட்டிக்கொண்டிருந்தார். “தலை எண்ணியாச்சு மேடம், எல்லாரும் பத்திரம். ரெண்டு நிமிஷம் அஞ்சு செகண்ட்!”

மரத்தடியில் ஒரு காக்காய்கூட இல்லை. அந்தப் பக்கம் பார்க்க அவருக்குத் தோன்றவுமில்லை.

அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். “சார், இப்ப நிறுத்துங்க.”

“எதைம்மா?”

“வாட்ச்ச. நாங்க இப்பத்தான் வந்தோம்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஆனால் எப்படி ஓடுவது என்று மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருப்பீர்கள். அதில் மாடி அறையில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார் எங்கே இருக்கிறார்? ‘அப்போ பாத்துக்கலாம்’ என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? எதற்கும் கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். விசில் தட்டுப்பட்டாலும் படும்.