மறுபடி சார் தேர்தலில் நிற்கிறார்

"நிறுத்து! நிறுத்துய்யா வண்டியை!"

திறந்த ஜீப்பில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த வேட்பாளர் போட்ட சத்தத்தில், பின்னால் வந்த வேனில் அவர் புகழ் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிகூட வாயை மூடிக்கொண்டது. ஓட்டுநர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். வேட்பாளர் முன்னாலிருந்த கம்பியில் முட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன சார் ஆச்சு? யாராவது குறுக்க வந்துட்டாங்களா?"

"இப்ப இடது பக்கம் திரும்புனியே, இண்டிகேட்டர் போட்டியா?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "போடலை சார்."

"கண்ணாடி பார்த்தியா?"

"பார்க்கலை சார்."

"உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் கொடுத்தான்?"

"நீங்க கொடுக்கலை சார். வந்து வந்து பார்த்தேன். அப்புறம் பக்கத்து ஊருல போய் வாங்கிட்டேன்."

வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்ற தேர்தல் பொறுப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் பாவம்தான். இந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே அவர்.

வேட்பாளர் சாதாரண ஆள் இல்லை. ஓட்டுநர் தேர்வு அதிகாரி. அந்தத் தொகுதியில் யார் வண்டி ஓட்டவேண்டுமென்றாலும் முதலில் இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தலையாட்டியாக வேண்டும். அந்தத் தலை லேசில் ஆடாது. லஞ்சமா, மூச்! சிபாரிசா, அந்தப் பேச்சே கிடையாது. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பத்தாது. மறுபடி வாங்க" என்பார். அவருக்கு 'மறுபடி சார்' என்று பெயர் வந்தது அப்படித்தான். விசேஷ வீடுகளில் அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே கிடக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்காருவதென்றாலே ஊருக்குக் கைகால் உதறும்.

புதிதாக முளைத்த ஒரு கட்சி, கை சுத்தமான ஆள் வேண்டுமென்று தேடி அலைந்து இவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. "ஊருக்கே உங்களைத் தெரியும் சார்" என்றார் பொறுப்பாளர். மனிதர் அதில்தான் விழுந்தார். வெளியே பயப்பட்டாலும், உள்ளுக்குள் ஊருக்குத் தன்மேல் ஒரு பிரியம் இருக்கும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஒரு நப்பாசை. அது உண்மைதானா என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும். சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் குதித்துவிட்டார்.

ஜீப் ஓட்டுநர் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பொறுப்பாளர் ஊரெல்லாம் ஆள் தேடினார். சம்பளம் கூடத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடி சார் பின்னால் நிற்க, முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்ட ஒருவருக்கும் தைரியம் இல்லை.

"விடுங்க, நானே ஓட்டுறேன்" என்றார் வேட்பாளர்.

ஓட்டினார். அருமையாக ஓட்டினார். ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேர்ப் பாதையில். தெருவோரம் நின்ற ஜனம் கையசைத்தது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், ஒரு கையை எடுத்து ஆட்டுங்க சார்!"

"வண்டி ஓடுறப்பவா? உமக்கு மூளை இருக்கா?"

"சிரிக்கவாவது சிரிங்க!"

"கவனம் சிதறும்."

பொழுது சாய்வதற்குள், 'நாற்காலி கிடைக்கிறதுக்கு முன்னாலேயே ஆளுக்கு என்ன தலைக்கனம் பாரு' என்று தொகுதி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சரி, நடந்தே போவோம் என்று முடிவாயிற்று. பொறுப்பாளர் எங்கெங்கோ போய்க் கெஞ்சிக் கூத்தாடிப் பெரிய ஊர்வலம் ஒன்றைத் திரட்டினார். கொட்டு முழக்கத்தோடு கடைவீதி முனை வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அங்கே சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேட்பாளர் டக்கென்று நின்றார்.

"வாங்க சார், போலீஸ்காரங்களே வழி விட்டுட்டாங்க!"

"சிவப்புன்னா சிவப்புதான்."

முன்னால் போன கூட்டத்துக்கு இது தெரியாது. அது பாட்டுக்குப் போய், அடுத்த தெருவில் வந்துகொண்டிருந்த எதிர்க்கட்சி ஊர்வலத்தில் கலந்து, அங்கே கொடுத்த குளிர்பானத்தையும் குடித்துவிட்டு அவர்களோடேயே போய்விட்டது. பச்சை விழுந்தபோது வேட்பாளரோடு மிஞ்சியது கொட்டு அடிப்பவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் நேரமாகிவிட்டதாம்.

"கூட்டமே வேணாம் சார். வீடு வீடாப் போவோம். முகத்துக்கு முகம் பார்த்தா மனசு இளகும்" என்றார் பொறுப்பாளர். அவர் குரலில் ஜீவனே இல்லை.

முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீடு. கதவைத் திறந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, வேட்பாளர் பேசியதை முழுசாகக் கேட்டார். குடிநீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஒன்று விடாமல் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி கிட்ட வர்றப்ப கொஞ்சம் தடுமாறிட்டீங்க. பத்தாது. மறுபடி வாங்க."

கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வீட்டிலும் "மறுபடி வாங்க". அதற்கடுத்த வீட்டில் கதவைக்கூடத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே "மறுபடி வாங்க". தெருக்கோடி வருவதற்குள் இவர் தலையைக் கண்டாலே சின்னப் பிள்ளைகள்கூட அதையே ராகம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டன. வேட்பாளர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

இது போதாதென்று எதிர்க்கட்சி வேன் ஒன்று ஒலிபெருக்கியோடு எதிரே வந்தது. "கட்டின பொண்டாட்டியையே பெயில் போட்ட மகராசன்! அந்தம்மாவுக்கே ஒண்ணும் செய்யாதவர் உங்களுக்கு என்ன செஞ்சு கிழிக்கப் போறாரு?"

பொறுப்பாளர் கண்ணில் திடீரென்று வெளிச்சம். "சார், இதுக்கு ஒரே வழிதான். அம்மாவை மேடை ஏத்துவோம். அவங்க வாயாலேயே உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும். எதிர்க்கட்சிக்காரங்க வாய் அடைஞ்சு போயிடும்."

கடைசிநாள் பொதுக்கூட்டம். எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்ட பேச்சில், அந்த அம்மாவைப் பார்ப்பதற்காகவே மைதானம் நிரம்பி வழிந்தது. வேட்பாளரின் மனைவி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேர்மையானவருங்க."

பொறுப்பாளர் கைதட்டினார்.

"என்னை நாலு தடவை பெயில் போட்டாரு. மூணு தடவை நியாயம்தான். ஒரு தடவை கம்பத்தைச் சாய்ச்சேன், ஒரு தடவை வேலிக்குள்ள விட்டுட்டேன், ஒரு தடவை வண்டி கிளம்பவே இல்ல."

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு. வேட்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அந்த நாலாவது தடவை..." அம்மாவின் குரல் மாறியது. "நான் எதுலயும் இடிக்கலைங்க. எல்லாம் ஒழுங்காப் பண்ணேன். இறங்குறப்ப கதவைக் கொஞ்சம் வேகமாச் சாத்திட்டேனாம். அதுக்குப் பெயில்! நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

"நியாயமே இல்ல!" என்று மைதானமே அதிர்ந்தது. பிரசாரம் தொடங்கியதிலிருந்து அவர் மேடைக்கு முன்னால் எழுந்த முதல் முழக்கம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வேட்பாளர் சமையலறை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். மனைவி தட்டை வைத்தார். அவர் தொடவில்லை.

"கோபமாங்க? மனசுல இருந்தது, மைக்கைப் பார்த்ததும் வந்துடுச்சு."

"உன்மேல என்ன கோபம்? கதவை நீ அப்படி ஒண்ணும் வேகமாச் சாத்தலை. எனக்குத் தெரியும்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தோக்குறது பெருசில்ல" என்றார் வேட்பாளர். "தோத்தா மறுபடி அதே டெஸ்ட் திடலுக்குத்தான் போகணும். யார் யார் வாசல்ல நின்னு பல்லைக் காட்டினேனோ, அவங்க பக்கத்துலேயே போய் உட்காரணும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உட்காருவேன்? இத்தனை நாளா, ஊருக்கு என்னைக் கொஞ்சமாவது பிடிக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம். இப்ப பிடிக்கலைன்னு எண்ணி வேற காட்டப் போறாங்க."

"நான் உங்களுக்குத்தாங்க போடுவேன்."

"பெயில் போட்டும்?"

"பெயில் போட்டும்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் அந்தத் துண்டை எடுக்கவே இல்லை.

வாக்கு எண்ணும் அன்றைக்கு, மண்டபத்தின் கடைசி மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று முடிவை வாசித்தார்கள். பெயரை மாற்றி வாசிக்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டாவது சுற்றிலும் அதேமாதிரி வாசித்தார்கள். கடைசியில் பார்த்தால், எதிர்த்து நின்ற அத்தனை பேர் வாக்கையும் ஒன்றாகக் கூட்டினாலும் இவருடையதில் பாதிக்குத் தேறவில்லை.

அவர் நேராகத் தேர்தல் அதிகாரியிடம் போனார். "எங்கேயோ தப்பு நடந்திருக்கு. மறுபடி எண்ணுங்க."

"ஜெயிச்சவர் மறுபடி எண்ணச் சொல்லி இப்பத்தான் சார் பார்க்கிறேன்!"

அவர் பிடிவாதத்துக்காக மறுபடி எண்ணினார்கள். முதலில் விட்டுப்போன சில வாக்குகள் கிடைத்தன. அவையும் இவருக்கே விழுந்தவை.

வெளியே வந்தவரை ஊரே தூக்கிக்கொண்டது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போன ஓட்டுநர் ஜீப்பின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். முண்டியடித்துக்கொண்டு வந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். அத்தனை முகத்திலும் சிரிப்பு.

மறுபடி சாருக்குக் கண் நிறைந்து வழிந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சுட்டேங்க" என்றார், குரல் உடைய. "என்னை மன்னிச்சிடுங்க. இவ்வளவு பிரியத்தை மனசுக்குள்ளேயே வெச்சிருந்தீங்களா எல்லாரும்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த தையற்கடை அம்மா ஒருவர், பெரிய பூங்கொத்தை அவர் கையில் திணித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா அழாதீங்க சார். திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட்டு, நீங்கதான் பார்லிமென்ட்டுக்குப் போயிடுறீங்களே, இங்க டெஸ்ட்டு வைக்க இனிமே வேற ஆளு வந்துடுவாருல்ல? அதுக்குத்தானே சார் ஊரே ஒண்ணு சேர்ந்து உங்களுக்குப் போட்டோம்!"