தாய்மொழியில் ஒரு நன்றி

"கேக்குல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேக்கைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் கேக்கைப் பார்த்தார்.

"'நீ எங்கள் மகள்'னு மாடிப் பொண்ணு பாஷையில எழுதத்தான் புத்தகத்தக் காட்டினேன். பேக்கரிக்காரர் பக்கத்தோட தலைப்பையும் சேர்த்து எழுதிட்டாரு."

"என்ன தலைப்பு?"

"'காணாமல் போன பொருட்கள்'."

மாடியில் குடியிருந்த வெளிநாட்டு மாணவி அன்று ஊருக்குக் கிளம்புகிறாள். மூன்று மணிக்கு டாக்சி. இயன்முறை மருத்துவம் படிக்க வந்தவள். வந்த வருஷமே கண்டக்டரைப் பக்கவாதம் சாய்த்தது. வலது கையும் காலும் மரக்கட்டை. அவள்தான் தினமும் சாயங்காலம் அவரைப் பிடித்து மாடிப்படி ஏற்றினாள். "ஏறுங்க, ஏறுங்க, மேல நிறைய எடம் இருக்கு!" என்று அவருடைய தொழில் பாஷையிலேயே விரட்டினாள். இன்று காலை சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

"நன்றிய தமிழ்லயே சொல்லுங்களேன். அவதான் தமிழ்ல வெளுத்து வாங்குறாளே."

"காதுல விழறது வேற, மனசுல விழறது வேற. அவ தாய்மொழியில சொன்னாத்தான் உள்ள இறங்கும்."

அவர் கையிலிருந்த புத்தகம், அவள் குடிவந்த வாரமே பழைய புத்தகக் கடையில் வாங்கிய சுற்றுலா மொழிக் கையேடு. "அந்தப் பக்கத்து மொழிதான் சார்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் "வணக்கம்", "மழை வருமா?" எல்லாம் அந்த மொழியில்தான். முதல் சில மாதம் அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். பிறகு பதில் சொல்லத் தொடங்கினாள்.

"தலைப்ப மட்டும் சுரண்டிடறேன்" என்று கத்தியை எடுத்தார். தலைப்பு போனது. மகளும் போனாள். கேக்கின் நடுவில் பள்ளம் விழுந்தது.

"கைய எடுங்க. நான் பூசி மூடறேன்" என்று மனைவி கேக்கைச் சமையலறைக்குத் தூக்கிப் போனாள்.

சரி, வாயாலேயே சொல்லிவிடலாம். ஆனால் கையேட்டில் மூட்டைப்பூச்சிக்கு வாக்கியம் இருந்தது, மனசு நிறைந்ததற்கு இல்லை. தேடியதில் 'என்னால் நடக்க முடியவில்லை' அகப்பட்டது. அதிலிருந்து 'இல்லை'யைக் கழற்றிவிட்டால் போதும். எந்த வார்த்தை 'இல்லை' என்பதுதான் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைக் கழற்றி, 'மருத்துவரே' என்று சேர்த்து, மாடிப்படி அடியில் நின்று உரக்க ஒத்திகை பார்த்தார்.

மேலே பெட்டி விழும் சத்தம். மாணவி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அதே மொழியில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

அவள் நெகிழ்ந்துவிட்டாள் என்று கண்டக்டருக்குச் சந்தோஷம். தெரிந்த பதிலைச் சொன்னார்: "ஆமாம். மிகவும்."

அடுத்த நிமிஷம் அவரைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். கையெல்லாம் கிரீமோடு வந்து பார்த்த மனைவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் இன்னொரு ஆம்புலன்சை வரவழைத்தார். குறுகலான தெருவில் இரண்டு ஆம்புலன்சும் எதிரும் புதிருமாக வந்து மாட்டிக்கொண்டன. தெருமுனையில் டாக்சி ஹாரன் அடித்தது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்தான், அவளோடு படிக்கும் அவள் நாட்டுக்காரன்.

"விடும்மா! எனக்கு ஒண்ணும் இல்ல!" கண்டக்டர் தமிழுக்கே திரும்பினார். "உனக்கு நன்றி சொன்னேன்!"

"நன்றியா?" அவள் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஃப்ளைட்டு போயிடும்!" என்று கத்தினான் நண்பன்.

கண்டக்டர் எழுந்தார். தெரு நடுவில் போய் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா... நில்லு!" என்று முன்னும் பின்னும் ஓடி ஓடி ஆம்புலன்ஸ்களைப் பின்னால் எடுக்க வைத்தார். தான் ஓடுவதை அவர் கவனிக்கவே இல்லை. மாணவி கவனித்தாள். மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்சிக்கு வழி கிடைத்தது.

"போயிட்டு வாம்மா" என்றார் கண்டக்டர். அவள் அந்த மொழியிலேயே ஏதோ சொல்லி, அவருடைய வலது கையை இறுகப் பற்றிவிட்டு ஏறினாள். மடியில், மனைவி பாதி பள்ளம் மட்டும் மூடிக் கொடுத்த கேக்.

டாக்சி தெருமுனை திரும்பியது. மிச்சப் பெட்டிகளை அனுப்பி வைப்பதற்காக நண்பன் மட்டும் வாசலில் நின்றான்.

"எவ்வளவோ செஞ்சிருக்கா. அவ தாய்மொழியில நாலு வார்த்தை நல்லபடியா சொல்ல முடியலையேப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கண்டக்டர்.

நண்பன் தயங்கினான்.

"அது எங்க நாட்டு மொழியே இல்ல சார். நீங்க தெனமும் ஆசையா பேசறீங்களேன்னு, பதில் சொல்றதுக்காக அவ ஞாயித்துக்கிழமை வகுப்புல சேர்ந்து படிச்சா!"